எல்லை தாண்டினால் நிற்கும் கார்

2025 பிப்ரவரி 15, சனிக்கிழமை, மாசி 3. காலையில் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். பால் வாங்கிக் காய்ச்சினேன். கல்லூரி நூலகத்துக்கு முந்தின நாளே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டதால் சமையலில் அவசரம் இல்லை. இட்லியும் தக்காளிச் சட்னியும். துணிகளை வெள்ளை, கலர் என்று பிரித்து ஊறவைத்தேன். வரிச்சிக்குடியில் அப்போது சம்பா அறுவடை முடியும் நேரம். வைக்கோல் கட்டுகள் ஏற்றிய டிராக்டர் எங்கள் தெருவில் திரும்பும்போது முருங்கைமரத்தில் உரசி, பாதி வைக்கோலை வாசலிலேயே விட்டுப் போனது. நான் மறுபடியும் வாசல் பெருக்கினேன். நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் முதல் வரியாக எழுதியது: "இன்று கார் போகிறது."

என் கணவர் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். சனிக்கிழமையன்று கார் கழுவுவது அவர் வழக்கம்தான். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலமும் கழுவியிருந்தார். விற்கப் போகிற காரை இரண்டு முறை கழுவுகிறாரே என்று நான் ஒன்றும் கேட்கவில்லை. ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் துடைத்து, கடைசியில் சட்டைக் கையால் ஹெட்லைட்டைத் துடைத்தார். அது நான் இஸ்திரி போட்டு வைத்திருந்த சட்டை. அதையும் கேட்கவில்லை.

அந்தக் கார் பால் வெள்ளை நிறத்தில் ஒரு பழைய அம்பாசடர். காரைக்காலில் ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவரிடமிருந்து ஆறு வருடங்களுக்கு முன் இவர் வாங்கினார். அப்போது காரைப் பற்றி இவருக்குத் தெரிந்திருந்தது அதன் நிறம் மட்டும். வேளாண் துறையில் வேலை பார்ப்பவர். நெல்லில் எந்த நோய் எந்தப் பூச்சியால் வந்தது என்று இலையைப் பார்த்தே சொல்லிவிடுவார். அதே போலக் காரையும் பார்த்துச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது.

பழைய கார் வைத்திருப்பவருக்கு எந்த அளவுக்கு மெக்கானிக் வேலை தெரிந்திருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் ஆறு வருடமாக நடக்கும் விவாதம். எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்காக யூடியூபில் வீடியோ பார்த்தார். சாப்பிடும்போது தட்டுக்கு எதிரே செல்போனை நிறுத்தி வைத்து, தெரியாத மொழியில் யாரோ கார்புரேட்டரைப் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டே ரசத்தில் மோர் ஊற்றிக்கொள்வார். ஸ்பேனர் செட் வாங்கி, சின்னதிலிருந்து பெரியதாகச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். அந்த வரிசையை மட்டும் நான் மனதாரப் பாராட்டினேன். காரின் பாகங்களுக்கெல்லாம் அவருக்குப் பெயர் தெரியும். பானெட்டைத் திறந்து எது எது என்று கேட்டால்தான் சிக்கல். கல்யாண வீட்டில் உறவுமுறையெல்லாம் சரியாகச் சொல்லிவிட்டு, ஆள் எதிரே வந்து நின்றால் "நீங்க?" என்று கேட்பவர்கள் உண்டல்லவா, அந்த மாதிரி.

அவர் முழுதாகத் தன் கையால் செய்து, செய்தபின் பலனும் தந்த ரிப்பேர் ஒன்றே ஒன்றுதான். எனக்குப் பெட்ரோல் வாடை ஒத்துக்கொள்ளாது. பின்சீட்டில் உட்கார்ந்தால் காரைக்கால் பஸ் ஸ்டாண்ட் வருவதற்குள் தலை சுற்றும். வாடை பெட்ரோல் டேங்க் மூடி வழியாக வருகிறது என்று அவரே கண்டுபிடித்தார். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அதைச் சரிசெய்தார். அதற்குப் பிறகு வாடையே இல்லை. நானும் வஞ்சனை இல்லாமல் மெச்சினேன். அடுத்த வாரம் முழுக்க அவர் நடையே மாறியிருந்தது.

அவருடைய பள்ளித் தோழர் ஒருவர் பட்டினச்சேரியில் இருக்கிறார். சொந்தமாக விசைப்படகு வைத்திருப்பவர். என்னைத் தங்கச்சி என்பார். விவாதத்தில் அவர் எதிர்க்கட்சி.

"இருவது வருசமா படகு வச்சிருக்கேன் தங்கச்சி. எஞ்சினப் பத்தி எனக்குத் தெரிஞ்சது ரெண்டே விசயம். யாரக் கூப்புடணும், அவன் வர்ற வரைக்கும் எதத் தொடக்கூடாது. அவ்ளோதான். உங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சதுல பாதி எனக்குத் தெரிஞ்சிருந்தா, நான் நடுக்கடல்லயே குடும்பம் நடத்திக்கிட்டு இருப்பேன்."

"நீ ஏன்டா சொல்லமாட்டே? உனக்குப் படகு ஒரு தொழிலு. எனக்கு இது அப்படியா?" என்பார் இவர்.

"அதான் மாப்ள நானும் கேக்குறேன். உனக்கு இது என்ன?"

அதற்கு இவர் சுவரிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்துத் துடைக்க ஆரம்பிப்பார்.

கார் ஊருக்குள் நன்றாகத்தான் ஓடியது. காரைக்காலுக்கு, திருநள்ளாறுக்கு, கோட்டுச்சேரிக்கு, கடற்கரைக்கு என்று எங்கே போனாலும் முனகாமல் போய்வரும். எல்லை தாண்டினால்தான் நின்றது. எங்கள் ஊரின் அமைப்பு அப்படி, பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன புதுச்சேரி மாநிலத்தின் ஒரு துண்டு. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கமெல்லாம் தமிழ்நாடு. எந்தத் திசையில் போனாலும் சீக்கிரமே வேறு மாநிலம் வந்துவிடும். முதல்முறை தெற்கே நாகூருக்குள் நுழைந்ததும் நின்றது. அடுத்தமுறை வடக்கே பொறையாரைத் தாண்டி. கொஞ்ச தூரம் குலுங்கும், இருமும், அப்படியே ஓரம் கட்டச் சொல்லி நின்றுவிடும்.

நின்றவுடன் நான் புரிந்துகொண்ட உண்மை, பானெட்டைத் திறந்து வைத்தால் தமிழ்நாட்டில் எல்லா ஆண்களும் மெக்கானிக்குகள் என்பது. முதல்முறை நின்றபோது சைக்கிளில் போன பெரியவர் ஒருவர் இறங்கி வந்து, "பெட்ரோல் பம்பு சூடாயிருச்சு, ஈரத்துணி போடுங்க" என்றார். என் துண்டை நனைத்துப் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கார் கிளம்பியது. இரண்டாம் முறை லாரி டிரைவர் ஒருவர், "பாயிண்ட்ல கரி புடிச்சிருக்கு சார்" என்று தீப்பெட்டியின் மருந்துப் பக்கத்தால் எதையோ தேய்த்தார். கார் கிளம்பியது. மூன்றாம் முறை படகுக்காரத் தோழர் கூடவே வந்திருந்தார். எதையும் தொடக்கூடாது என்ற தன் கொள்கையை மறந்து கார்புரேட்டரை ஸ்பேனரால் மெதுவாகத் தட்டினார். கிளம்பியது. நான்காம் முறை டீக்கடைக்காரர் ஒருவர் எலுமிச்சம்பழத்தைக் காரைச் சுற்றிச் சக்கரத்தடியில் வைக்கச் சொன்னார். அதற்கும் கிளம்பியது.

ஆக எல்லா வைத்தியமும் பலித்தது. அதுதான் தொல்லை. ஒன்றாவது பலிக்காமல் போயிருந்தால் அதை விட்டிருப்பார்கள். என் கணவர் நான்கையும் வரிசைப்படுத்தி ஒரு முறையாக்கிக்கொண்டார். கார் நின்றால் முதலில் ஈரத்துணி, பிறகு தீப்பெட்டி, பிறகு தட்டல், கடைசியில் பழம். டேஷ்போர்டில் எப்போதும் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும். சமையலுக்குப் பழம் இல்லாத நாட்களில் நான் அங்கிருந்து எடுத்திருக்கிறேன்.

காரைக்காலில் எங்கள் வழக்கமான மெக்கானிக்கிடம் விட்டால் அவர் அதை பைபாஸ், திருநள்ளாறு என்று ஒரு சுற்று ஓட்டிவிட்டுக் கொண்டுவந்து நிறுத்துவார்.

"எந்தக் கம்ப்ளைன்ட்டும் இல்ல சார். குதிர மாதிரி ஓடுது."

"எல்லையத் தாண்டி ஓட்டிப் பாருங்களேன்" என்று நான் ஒருமுறை சொன்னேன்.

"நம்மூரு வண்டி நம்மூருல ஓடுனா போதாதாம்மா? அங்க என்ன வச்சிருக்கு?" என்றார். பக்கத்தில் நின்ற படகுக்காரர், "பாஸ்போர்ட் எடுத்துக் குடுங்க, ஓடும். பிரெஞ்சுக்காரன் போயிட்டான்னு இதுக்கு இன்னும் யாரும் சொல்லல போல" என்றார்.

ஐந்தாவது முறை நின்றது திருக்கடையூர் போகிற வழியில். என் சித்தப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி, மாலை மாற்றி, எல்லோரும் ஆசீர்வாதம் வாங்கி முடித்து, கடைசிப் பந்தியில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா, "அடுத்து எம்பதுக்காவது நேரத்தோட கெளம்பி வாங்க மாப்ள" என்றார். பந்தியே சிரித்தது. இவரும் சிரித்தார். திரும்பி வரும்போது, நான் கேட்காமலே, "வித்துடறேன்" என்றார். பல தடவை விற்கச் சொன்னவள் நான்தான். அன்று அவராகச் சொன்னபோது எனக்கு ஏனோ சந்தோஷம் வரவில்லை.

நாகப்பட்டினத்தில் ஒருவர் பழைய கார்களைக் கல்யாண ஊர்வலத்துக்கும் சினிமாப் படப்பிடிப்புக்கும் வாடகைக்கு விடுகிறார். விசாரித்து, போட்டோ அனுப்பி, பேச்சு முடிந்தது. வண்டியைக் கொண்டு வாருங்கள், ஓட்டிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்ன நாள்தான் அந்தச் சனிக்கிழமை. திரும்பி வர பஸ்.

இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். சனிக்கிழமை என்பதால் திருநள்ளாறுக்குப் போகும் வண்டிகள் காரைக்கால் முழுக்க அடைத்துக்கொண்டிருந்தன. இவர் நேராக டவுன் பெட்ரோல் பங்குக்கு விட்டார். எங்கள் ஊரில் பெட்ரோல் விலை குறைவு. அதனால் எல்லையைத் தாண்டும் முன் டேங்கை முட்ட முட்ட நிரப்பிக்கொள்வதும், தாண்டியபின் என்ன ஆனாலும் பெட்ரோல் பங்க் பக்கம் போகாமல் ஊர் திரும்புவதும் காரைக்கால்காரர்களின் பிறவிக் குணம். வாஞ்சூரில் எல்லையோரப் பங்கில் தமிழ்நாட்டு வண்டிகள் வரிசைகட்டி நிற்கும் என்பதால் நாங்கள் டவுனிலேயே போட்டுவிடுவோம்.

"விக்கப் போற வண்டிக்கு எதுக்குங்க ஃபுல் டேங்க்?" என்று கேட்டேன்.

"பொண்ணக் கட்டிக் குடுக்குறப்ப சீர் இல்லாமயா அனுப்புவ? அங்க போனா அவ இந்த வெலைக்குக் குடிப்பாளா?"

பங்கில் இருந்த பெண், "போதுமா சார்?" என்றாள். "இன்னும் கொஞ்சம்" என்றார். வழியும் அளவுக்கு ஊற்றி, தன் கையாலேயே மூடியைத் திருகி, இறுகிவிட்டதா என்று இரண்டு முறை பார்த்தார். பிறகு திருமலைராயன்பட்டினம், பட்டினச்சேரி திருப்பம், வாஞ்சூர். ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லின் மேல் ஏறாமல், நெல்லுக்கும் சைக்கிளுக்கும் நடுவே மெதுவாக விட்டார். அவர் நல்ல டிரைவர். அதை எந்த விவாதத்திலும் நான் மறுத்ததில்லை.

நாகூருக்குள் நுழைந்து கொஞ்ச தூரம் போனதும் கார் குலுங்கியது. இருமியது. ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றது.

"வழக்கமா நிக்கிற எடந்தான்" என்றேன்.

"கிண்டல் பண்ற நேரமா இது?" என்று சொல்லிக்கொண்டே ஈரத்துணியை எடுத்தார். வாங்குபவருக்குப் போன் செய்து, கொஞ்சம் தாமதமாகும் என்றார். எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டவர், பக்கத்தில்தான், நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டார். இவர் முகம் சுண்டிப்போனது. நின்ற கோலத்தில் மாப்பிள்ளை வீட்டார் பார்க்கக்கூடாது என்பதற்காக அவசர அவசரமாகத் துணி, தீப்பெட்டி, தட்டல் மூன்றையும் சேர்த்துச் செய்தார். பழத்துக்குக் கை நீட்டுவதற்குள் அவர்கள் ஒரு புதிய காரில் வந்து இறங்கிவிட்டார்கள். வாங்குபவர் வெள்ளை வேட்டி சட்டையில் மெதுவாகப் பேசும் மனிதர். கூட வந்தவர் அவருடைய டிரைவர். அவரிடம் இருக்கும் பழைய கார்களையெல்லாம் பார்த்துக்கொள்பவர். நல்ல உயரம், நிறையப் பேச்சு.

டிரைவர் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டே கேட்டார்: "எத்தன நாளா சார் இப்புடி நிக்குது?"

என் கணவர் பொய் சொல்லத் தெரியாதவர். "ரெண்டு வருசமா" என்றார்.

"சூடானா நிக்குதா?"

"எல்லை தாண்டுனா நிக்குது."

டிரைவர் தலையை வெளியே எடுத்து இவரைப் பார்த்தார். பிறகு தன் முதலாளியைப் பார்த்தார். "அண்ணே, இது எஞ்சினையே பிரிக்கிற கேஸு. சூடு ஏறி உள்ள புடிக்குது. எதுக்கும் டேங்கையும் பாத்துருவோம், துரு கிடந்தா அதுவும் சேந்து பாக்கணும்" என்று பின்பக்கம் போனார். நான் அங்கேதான் நிழலில் நின்றிருந்தேன். என் கணவர் பின்னாலேயே வந்தார். டிரைவர் மூடியைத் திருக முடியாமல் துணி போட்டுப் பிடித்துத் திருகினார்.

அப்போது கேட்டது அந்தச் சத்தம். "உஸ்ஸ்ஸ்" என்று நீளமாக, டேங்க் வெளிக்காற்றை மூச்சு வாங்குவது போல உள்ளே இழுத்தது. டிரைவர் பேசிக்கொண்டே இருந்ததால் அவர் காதில் அது விழவில்லை. செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்து, "டேங்க் பளிச்சுன்னு இருக்குண்ணே" என்று கத்திவிட்டு, மூடியை டிக்கி மேல் வைத்துவிட்டு முன்பக்கம் ஓடினார். கார்புரேட்டரில் வாய் வைத்து ஒரு ஊது ஊதிவிட்டு சாவியைத் திருப்பினார். கார் உடனே கிளம்பியது. எப்போதும் போலச் செருமவில்லை, காத்திருக்கவும் வைக்கவில்லை.

"பாத்தீங்களா, ஊதுனதுல சரியாச்சு. ஆனா இது நிக்கும். எஞ்சின் பிரிக்காம நிக்காம இருக்காது" என்றார்.

என் கணவர் டிக்கி மேலிருந்த மூடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தபடி நின்றார். உள்பக்கம் கறுப்பாக, வட்டமாக, கத்தரிக்கோலால் ஒரு பிசிறில்லாமல் வெட்டிய சைக்கிள் டியூப் ரப்பர். இரண்டு அடுக்கு. எனக்காக அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வெட்டிப் பொருத்தியது. மூடியில் காற்று போவதற்கென்று இருந்த சின்ன ஓட்டையை அது கச்சிதமாக அடைத்திருந்தது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வர வழியில்லை. டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கு இடமே குறைவு என்பதால் இன்னும் சீக்கிரம் மூச்சு முட்டும். ஊருக்குள் பாதி டேங்கில், குட்டிக் குட்டிப் பயணங்களில் அது தாங்கிக்கொண்டது. எல்லை தாண்டும்போது மட்டும் நாங்கள் முட்ட முட்ட நிரப்பி, இறுக்கித் திருகி, தமிழ்நாட்டில் அந்த மூடியைத் தொடவே மாட்டோம் என்று சத்தியம் செய்தவர்கள் போலப் போனோம். நின்று காத்திருந்தபோதெல்லாம் எங்கோ ஒரு மயிரிழை வழியாகக் காற்று மெல்லப் புகுந்திருக்கிறது. ஈரத்துணியும் தீப்பெட்டியும் எலுமிச்சம்பழமும் அந்த நேரத்தைப் போக்கியிருக்கின்றன.

இதெல்லாம் அவர் எனக்குப் பிறகு விளக்கிச் சொன்னது. அந்த நிமிஷத்தில் நான் பார்த்தது, அவர் மூடியிலிருந்து ரப்பரை நகத்தால் நெம்பி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதை. பிறகு என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

வாங்குபவர் பக்கத்தில் வந்தார். "தப்பா நெனச்சிக்காதீங்க சார். மாப்பிள்ளை ஊர்வலத்துல பாதி வழியில நின்னா எம் பேரு கெட்டுடும். எஞ்சின் வேலைன்னா எனக்கு ஒத்து வராது. வேற ஆளப் பாத்துக்குங்க."

"சரிங்க" என்றார் இவர்.

இருபத்தேழு வருடக் குடும்ப வாழ்க்கையில் இவர் இத்தனை வேகமாக எதற்கும் சரி என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அவர்கள் போனபின் இவர் காரை வரிச்சிக்குடிப் பக்கம் திருப்பவில்லை. நேராகத் தெற்கே விட்டார். நாகப்பட்டினம் போனது. நிற்கவில்லை. வேளாங்கண்ணி போனது. நிற்கவில்லை. ரப்பர் போட்ட இந்த இரண்டு வருடத்தில் அந்தக் கார் ஒரே மூச்சில் போகாத தூரம். பெட்ரோல் வாடை கார் முழுக்க நிறைந்திருந்தது. நான் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் தலையைச் சாய்த்திருந்தேன். இவர் பாட்டு ஒன்றை முணுமுணுத்தார். ராகம் பிடிபடவில்லை, சந்தோஷம் மட்டும் தெரிந்தது.

வேளாங்கண்ணியில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தோம். வஞ்சிர மீன் குழம்பு. அவர் இரண்டாம் முறை சாதம் வாங்கிக்கொண்டபோது நான் கேட்டேன்.

"அவருகிட்ட ஏங்க சொல்லல?"

"எத?"

"உங்க சட்டப் பையில இருக்கிறத."

குழம்பைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அவரு கேக்கலையே."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

"அந்த டிரைவருதான் எஞ்சின்னு சொன்னாரு. நானா சொன்னேன்?"

"உங்களுக்குத் தெரிஞ்சப்பறமும் அவங்க தெரியாம போறாங்கல்ல. நீங்க வர்றோம்னு சொல்லி, அவங்க நேரத்த ஒதுக்கி வந்து பாத்துட்டுப் போறாங்க."

"இப்ப என்னங்கிற? வித்துருன்றியா?"

நான் விற்கச் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் தப்பான காரணத்துக்காக வேண்டாம் என்று போயிருக்க, அதன் மேல் நாம் காரை வைத்திருப்பது, வேறு யாரோ திருப்பிக் கொடுத்த புத்தகத்தை நம் பெயரில் பதிந்துகொள்வது போல எனக்குப் பட்டது. அதைச் சொன்னேன். "உன் லைப்ரரி கணக்கெல்லாம் இங்க கொண்டாராத" என்றார். மோரை வேண்டாம் என்று கை காட்டினார். மோர் வேண்டாம் என்று அவர் சொன்னால் விஷயம் உள்ளே இறங்கிவிட்டது என்று பொருள்.

திரும்பும் வழியில் பட்டினச்சேரியில் படகுக்காரத் தோழர் வீட்டில் நிறுத்தினோம். இவர் பையிலிருந்து ரப்பரை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்துக் கதையைச் சொன்னார். தோழர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலில் சிரிக்கவில்லை. தான் ஸ்பேனரால் தட்டிக் கிளப்பிய பெருமையும் அதோடு போயிற்று என்பதை அவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

"ஆக மொத்தம், ஆறு வருசத்துல நீ உருப்படியா செஞ்ச ஒரே வேலை இது. அதான் வண்டிய நிறுத்தியிருக்கு" என்றார். பிறகுதான் சிரித்தார். வலை பின்னிக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர்கள் எழுந்து பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்.

"உன் தங்கச்சி, அந்த ஆளுக்குப் போன் பண்ணிச் சொல்லச் சொல்றா" என்றார் இவர், எனக்கு எதிராக ஓர் ஓட்டு கிடைக்கும் என்று.

"அதெல்லாம் விடு மாப்ள. அவன் டிரைவரே எஞ்சின்னு சொல்லிட்டான்ல."

"நீங்க படகு வாங்கப் போன எடத்துல இப்படி ஒருத்தரு சொல்லாம மறைச்சா விடுவீங்களாண்ணே?" என்று கேட்டேன்.

அவர் காதைச் சொறிந்தார். "என்னை ஏன் தங்கச்சி உள்ள இழுக்குறே. நான் ரெண்டு விசயம் தெரிஞ்சவன்" என்று எங்களுக்குக் கொடுத்தனுப்ப இறால் எடுக்க உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஊறிக்கிடந்த துணிகளை அலசிப் போட்டேன். இறாலை உரித்துக் கழுவி வைத்தேன். இவர் காரைச் சுற்றி ஒரு சுற்று, திரும்ப ஒரு சுற்று. எதிர்வீட்டுக்காரர், "என்ன சார், குடுத்துட்டு பஸ்ஸுல வருவீங்கன்னு பாத்தா கார்லயே வந்துட்டீங்க?" என்று கேட்டதற்கு, "நாளைக்குத் தெரியும்" என்றார். ராத்திரிச் சாப்பாட்டில் இறாலில் கை வைக்காமல் எழுந்தார். இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்ததையெல்லாம் மதியமே சொல்லிவிட்டேன். அவர் போன் செய்து, அந்த மனிதர் "அப்படியா, சரி, எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டால் கார் போய்விடும். நல்ல கார் என்று தெரிந்த பிறகு போகும். அதுதான் அவரை இறாலைத் தொடவிடவில்லை. படுக்கும்போது எனக்கும் அது உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் எழுந்து பால் பாத்திரத்தை எடுப்பதற்குள் அவர் வாசலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். முகம் கழுவியிருக்கவில்லை. லவுட்ஸ்பீக்கரில் போட்டார், நான் கேட்கட்டும் என்று.

"சார், நேத்து நாகூர்ல பாத்தீங்களே, அம்பாசடர். நான்தாங்க. அதுல எஞ்சின் கம்ப்ளைன்ட் எதுவும் இல்லீங்க. பெட்ரோல் டேங்க் மூடியில நான் ஒரு ரப்பர் போட்டு வச்சிருந்தேன், காத்து போக வழியில்லாம நின்னுருக்கு. எடுத்துட்டேன். நேத்தே வேளாங்கண்ணி வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டேன், ஒரு எடத்துல நிக்கல. உங்ககிட்ட சொல்லாம விட்டா சரியில்ல. வேணும்னா இன்னைக்கே கொண்டாந்து குடுத்துடறேன்."

இவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"சார்" என்றார் வாங்குபவர், பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வது போல. "பெரியவங்க நீங்க, ஒங்கள நான் மதிக்கிறேன். விக்கணுங்கிறதுக்காக டேங்க் மூடி, ரப்பருன்னு இப்புடியெல்லாம் சொல்லாதீங்க சார். எங்க டிரைவரு இருவது வருசமா இந்த வேலைதான் பாக்குறாரு. எஞ்சினப் பிரிக்காம அது ஓடாது. வண்டி எனக்கு வேணாம். மொதல்ல நல்ல மெக்கானிக்கா பாத்துக் காமிங்க."

"உண்மையாத்தான் சொல்றேங்க" என்றார் இவர். சந்தோஷத்தை மறைக்கத் தெரியாதவரின் குரல்.

"சரிங்க சார், சரிங்க" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சொல்லிட்டேன்ல?"

"சொல்லிட்டீங்க" என்றேன். பால் வாங்கக் கிளம்பினேன்.